கம்ப்யூட்டர் ‘சரி’ என்றால் சரியா?

‘கம்ப்யூட்டரே சரி என்று சொல்லிவிட்டது, அப்புறம் என்ன சந்தேகம்?’ என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் பல ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்ற முறையில், அந்தச் ‘சரி’க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் எண். ஆதார் எண்ணில் 12 இலக்கங்கள். கடைசி இலக்கம், முன்னால் உள்ள பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஹாலந்து நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969-ல் வெளியிட்ட முறை இது. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலும் கணக்கு உதைக்கும். கிரெடிட் கார்டு எண்ணிலும் இப்படி ஒரு காவல்காரர் உண்டு. அவரை நியமித்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன். காப்புரிமை கிடைத்தது 1960-ல். 09 என்பதை 90 என்று புரட்டி அடித்தால் மட்டும் இவர் ஏமாந்துவிடுவார்.

ஆனால் இந்தக் காவல்காரர்களுக்குத் தெரிந்தது, எண் பிழையின்றி அடிக்கப்பட்டதா என்பது மட்டுமே. அது யாருடைய எண் என்பது தெரியாது. மனம்போனபடி எண்களை அடித்தாலும் பத்தில் ஒன்று இந்தச் சோதனையில் தேறிவிடும்!

அடுத்தது, ஒப்பிடுவது எதனுடன் என்ற கேள்வி. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் கணக்கு எண்ணை மட்டுமே பார்த்துப் பணம் வரவு வைக்கப்பட்டு வந்தது. ஊரிலுள்ள அம்மாவுக்கு அனுப்பும்போது எண் பிசகி, அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்தால் பணம் அவருக்குப் போய்விடும். மேலே நாம் எழுதிய அம்மாவின் பெயர் உதவிக்கு வராது. பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அப்படித் தெரியும் பெயர் நாம் அடித்ததல்ல. பெறுபவருடைய வங்கியின் ஏட்டிலிருந்து வருவது. நம்பிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது. தான் எழுதியதைத் தானே பார்த்து ‘சரி’ போடுவது சரிபார்ப்பு ஆகாது. துளை அட்டைக் காலத்திலேயே, ஒருவர் அடித்த அட்டையை இன்னொருவர் மூலக் காகிதத்தைப் பார்த்து மறுபடி அடிப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, வெளிமாநிலத் தமிழர்களை நேராகத் தாக்கும் விஷயம்: பெயர். பள்ளிச் சான்றிதழில் ‘ரா. கிருஷ்ணன்’. பான் அட்டைக்கான 49ஏ படிவம் இனிஷியலை ஏற்காததால் அங்கே ‘கிருஷ்ணன் ராமசாமி’. இன்னோர் இடத்தில் ‘ராமசாமி கிருஷ்ணன்’. பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம்மில் பலருக்கு அது அப்பாவின் எழுத்தாகிவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாஃப்ட்வேருக்கு இவர்கள் மூன்று பேர்!

என் மைத்துனரின் ஓய்வுக்காலப் பணம் ஓர் அலுவலகத்தில் இதனாலேயே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. திரையில் வந்தது ‘பொருந்தவில்லை’ என்ற ஒரே சொல். எந்த ஆவணத்தில் எந்த எழுத்து என்று சொல்லியிருந்தால் அன்றே திருத்த மனுப் போட்டிருப்பார். காரணம் சொல்லாத, மேலே முறையிட ஓர் அதிகாரியைக் காட்டாத சரிபார்ப்பு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரானாலும் நம்பத்தக்கதல்ல.

அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிப் புத்தகம் நான்கையும் மேசையில் பரப்பிப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்களுடையதை முதலில் பாருங்கள்; அலைய முடியாதவர்கள் அவர்கள்தான். குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும்போதே இனிஷியலை விரித்து, எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் எழுதிவிடுங்கள். பெரிய தொகை அனுப்புமுன் திரையில் தெரியும் பெயரை நின்று படியுங்கள். பெயர் வேறாக இருந்தால், கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் பொத்தானை அழுத்தாதீர்கள்.