முந்தி ஓடும் பிள்ளைக்கு என்ன பாடம்?

வகுப்பில் பின்தங்கும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர். முந்தி ஓடும் பிள்ளையைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? "அவனுக்கென்ன, கெட்டிக்காரன், தானே படித்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகிறோம். ஆசிரியர் கணக்கை எழுதி முடிக்குமுன் விடை கண்டுவிடும் அச்சிறுவன், மீதி நேரமெல்லாம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முயலாமலே முதல் மதிப்பெண் பெற்றுப் பழகியவன், உண்மையிலேயே கடினமான கணக்கைச் சந்திக்கும் நாளில் திகைத்து நிற்கிறான். அறிவிருந்தும் உழைப்புப் பழகாமற் போவதே இதிலுள்ள கேடு.

இத்தகைய பிள்ளையை வளர்த்த முறைக்குத் திருவனந்தபுரத்திலேயே ஒரு சான்றுண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா 1813-இல் பிறந்தவர். தஞ்சையிலிருந்து வந்த சுப்பாராவ் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். 1825-இல் கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கிலேயர் அரண்மனைக்கு வந்தபோது, 12 வயதுச் சிறுவரான அவர் யூக்ளிடின் 47-ஆம் தேற்றத்துக்குரிய படத்தைப் பலகையில் வரைந்து காட்டினார். நாம் பள்ளியில் படித்த செங்கோண முக்கோணத் தேற்றந்தான் அது. அதோடு நில்லாமல், 'ஜியோமெட்ரி' என்ற சொல்லை வடமொழியோடு இணைத்து ஆங்கிலத்தில் விளக்கவும் செய்தார். வெல்ஷ் வியந்து இதனை எழுதி வைத்திருக்கிறார். கணக்கு கணக்கோடு நிற்காமல் மொழியோடும் கைகோத்ததைக் கவனியுங்கள். அச்சிறுவரே வளர்ந்து, 1834-இல் இங்கு ஆங்கிலப் பள்ளியையும், 1837-இல் வானாய்வு நிலையத்தையும் நிறுவினார். அப்பள்ளியே இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரியின் தொடக்கம்.

எல்லாப் பிள்ளைகளும் அரண்மனையில் பிறப்பதில்லையே எனலாம். உண்மை. கும்பகோணத்து இராமானுஜன் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 1903-இல் கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகள், நிறுவல்களோ மிகச் சில. அவற்றைத் தாமே நிறுவ முயன்றதில் அவருடைய மேதை மலர்ந்தது. ஆனால் பிற பாடங்கள் கைவிடப்பட்டன. 1904-இல் கல்லூரியில் சேர்ந்தபோது பெற்ற உதவித்தொகையும் பறிபோயிற்று. கடினமான புத்தகம் மட்டும் போதாது. உடனிருந்து முழுப் படிப்பையும் பார்க்கும் ஒருவரும் வேண்டும் என்பதன்றோ இதன் பாடம்?

நம்மில் பலர் மாலையில் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறோம். வீட்டில் தம்பி தங்கையரும் உண்டு. நாம் செய்யக்கூடியவை சில.

முதலாவது, 10 கணக்கை முடித்தவனுக்கு அதே போன்ற 20 கணக்கைக் கொடாதீர்கள். அது பரிசன்று, தண்டனை. கடினமான 5 கணக்கை முதலில் கொடுங்கள். அவை சரியானால் மற்றவற்றை விட்டுவிடலாம்.

இரண்டாவது, மிஞ்சிய நேரத்துக்கு ஆழமான கேள்வி வேண்டும். 1+3=4; 1+3+5=9; 1+3+5+7=16. விடைகளெல்லாம் ஏன் வர்க்க எண்களாகவே வருகின்றன? புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தவறிப்போய் மீண்டும் முயல்வதுதான் அங்கே படிப்பு.

மூன்றாவது, வகுப்பைத் தாண்டச் செய்ய அவசரம் வேண்டாம். கணக்கில் ஐந்தாம் வகுப்புக்குத் தக்கவள் கையெழுத்திலும் விளையாட்டிலும் மூன்றாம் வகுப்புக் குழந்தையாகவே இருக்கலாம். கணக்கு நேரத்துக்கு மட்டும் மேல்வகுப்பில் உட்கார வைக்க இயலுமா என்று ஆசிரியரைப் பெற்றோர் பணிவோடு கேட்கட்டும். குழந்தை செய்த வேலையையே எடுத்துக் காட்டினால், புகழ்ந்து பேச வேண்டியதில்லை.

நான்காவது, நூலகம். 1829-இல் தோன்றிய பொது நூலகம் பாளையத்தில் நமக்கு மிக அருகில் இருக்கிறது. விடுமுறை நாளில் ஒரு பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லுங்கள். புத்தகத்தை அப்பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

பின்தங்குவோரைக் கைதூக்கிவிடுவது கடமை. முந்தி ஓடுவோருக்கு ஓடுமளவு பாதை அமைப்பதும் கடமையே. அதற்குச் செல்வம் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மணி நேரமும், கவனிக்கும் கண்ணும் போதும்.