ஐம்பது வயதில் தொடங்கிய லூயி கான்

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் 1901-ல், ரஷ்யப் பேரரசின் கீழிருந்த எஸ்டோனியாவில் பிறந்தவர். சிறுவயதில் நெருப்புத் துண்டால் முகம் வெந்துபோனது. அந்தத் தழும்பு கடைசிவரை போகவில்லை. 1906-ல் பிலடெல்பியாவில் குடியேறிய குடும்பத்துக்கு வறுமைதான் மிச்சம். பையன் ஊமைப்படக் கொட்டகைகளில் பியானோ வாசித்துக் காசு சேர்த்தான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர், பிரான்ஸிலிருந்து வந்த பால் க்ரே. பாடம் பாரிஸ் கலைப்பள்ளியின் முறைப்படி நடந்தது. கட்டடத்தின் கருவைச் சில மணி நேரத்துக்குள் சிறு படமாக வரைந்து கொடுத்துவிட வேண்டும். பிறகு வாரக்கணக்கில் அதை விரித்து வரையலாம். கருவை மட்டும் மாற்றக் கூடாது. சமச்சீரான தரைப்படமும் கனத்த சுவர்களும் அங்கே வேதம். 1924-ல் பட்டம் பெற்றார். அதற்குள் கண்ணாடியும் எஃகுமான நவீன பாணி தலையெடுத்திருந்தது, படித்ததெல்லாம் பழசாகிவிட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையும் போய், மனைவியின் சம்பளத்தில் வீடு நடந்தது. அதன்பின் தொழிலாளர் குடியிருப்புகளை வடிவமைத்தே பல ஆண்டுகள் கழிந்தன.

1947-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1950-51-ல் ரோமில் தங்கி, எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் போய் இடிபாடுகளை வரைந்தபோதுதான் க்ரேயின் பாடம் உயிர்பெற்றது எனலாம். 1953-ல் முடிந்த யேல் கலைக்கூடமே அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் கட்டடம்.

பிலடெல்பியாவின் ரிச்சர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் குழாய்களையும் மாடிப்படிகளையும் தனிக் கோபுரங்களில் ஏற்றி, மனிதர்கள் புழங்கும் அறைகளிலிருந்து பிரித்தார். கட்டடக் கலைஞர்கள் கொண்டாடினார்கள். உள்ளே வேலை செய்த விஞ்ஞானிகளோ வெயில் தாங்காமல் ஜன்னல்களில் அலுமினியத் தாளை ஒட்டினார்கள். கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் கான் இன்னும் தேர்ந்துவிட்டார். கான்கிரீட் வார்த்த பலகைகளின் தடத்தையும் துளைகளையும் பூசி மறைக்காமல் அப்படியே விட்டார். நடு முற்றத்தில் மரம் வேண்டாம் என்பது மெக்சிகோ கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகானின் யோசனை. கடலை நோக்கி ஓடும் மெல்லிய நீர்க்கோடு மட்டும் அங்கே இருக்கிறது.

டாக்கா நாடாளுமன்றத்திலும் வார்ப்பின் தடத்தை மறைக்காத இதே நேர்மை. கான்கிரீட்டை ஐந்தடி ஐந்தடியாக வார்த்தார்கள். வார்ப்புகள் சேரும் இடங்களில் வெள்ளைச் சலவைக்கல் பட்டை பதித்தார்கள். வேலை நடக்கும்போதே போர் மூண்டு, நாடே வங்கதேசமாக மாறியது.

அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகத்தின் செங்கல் வளாகத்தையும் கான்தான் வடிவமைத்தார். 1974 மார்ச்சில் அங்கிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். அலுவலகம் கடனில் மூழ்கியிருந்தது. டாக்கா கட்டடம் 1982-ல் முடிந்தது; பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நினைவாக அவர் வரைந்து வைத்த நியூயார்க் பூங்கா 2012-ல்தான் திறக்கப்பட்டது.