கோடு மறைந்தால் நஞ்சு
உண்ணும் முன்... (பகுதி 14)

சென்ற வாரம் பாலில் தண்ணீர், யூரியா, சோப்புத்தூள் கலப்பதைப் பார்த்தோம். கலப்படம் என்றால் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைப்பான். இந்த வாரம் அந்த வசதி இல்லை.

2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. முடிவு 2019 அக்டோபரில் வெளியானது. கலப்படத்தால் குடிக்கவே தகாதவை என்று ஒதுக்கப்பட்டவை வெறும் 12. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551-ல் 88. டெல்லியில் 262-ல் 38, கேரளத்தில் 187-ல் 37. விகிதம் போட்டால் கேரளம் நம்மை முந்துகிறது என்று ஆறுதல்பட வேண்டியதில்லை. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது அதிகம் என்றும் அந்த ஆய்வு சொன்னது. ‘பாக்கெட் பால் என்றால் பயமில்லை’ என்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இந்த நஞ்சை யாரும் பாலில் ஊற்றுவதில்லை. மாட்டின் வாய் வழியாக வருகிறது. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் ஈரம் தங்கினால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை பிடிக்கும். அது சுரப்பது அஃப்ளாடாக்சின் பி1. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்து, காரணம் தேடியபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் அகப்பட்டது இது. பசு தின்ற பி1 அதன் கல்லீரலில் எம்1 ஆக மாறி மடிக்கு வந்துவிடுகிறது. தின்றதில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு. நிறையக் கறக்கும் மாடாக இருந்தால் ஆறு வரைகூடப் போகும். இன்று தின்றது நாளைய கறவையில் இருக்கும். புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பொருட்களின் வரிசையில் அஃப்ளாடாக்சின்களை வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு.

காய்ச்சினால் போகாதா? போகாது. பாஸ்ச்சுரைஸ் செய்தாலும் போகாது. கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளதால் பன்னீரில் கொஞ்சம் செறிவாகவே இருக்கும்.

நம் நாட்டில் அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். 10,000 லிட்டர் டேங்கர் ஒன்றில் மொத்தமே 5 மில்லிகிராம். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலின் 500 மில்லிகிராம் அளவை நூறு டேங்கரில் பிரித்துக் கரைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் எல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதிலும் பத்தில் ஒரு பங்கு. 2012 வறட்சியில் செர்பியாவின் மக்காச்சோளத்தைப் பூஞ்சை பிடித்தது. 2013 பிப்ரவரியில் பாலில் நஞ்சு தெரிந்து ரகளையானது. அந்நாட்டு அரசு எல்லையை 0.05-லிருந்து 0.5-க்கு உயர்த்தியது. நேற்று கெட்ட பால், இன்று சட்டப்படி நல்ல பால்!

இவ்வளவு சிறிய அளவைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் ஹெச்.பி.எல்.சி. என்ற கருவி இருக்கிறது. துல்லியமானது, விலையும் அதிகம், இயக்கப் படித்த ஆளும் வேண்டும். மாதிரி அங்கே போய் முடிவு வருவதற்குள் அந்தப் பால் டீயாகி, தயிராகி, குழந்தை வயிற்றுக்கும் போய்விட்டிருக்கும். பயோசென்சருக்கு வேலை இங்கேதான். உயிர்ப்பொருள் ஒன்று நஞ்சை அடையாளம் காணும். கூடவே உள்ள பொறி அதை நிறமாகவோ மின்சாரமாகவோ காட்டும். 1962-ல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் நொதியை மின்முனையில் வைத்துச் சர்க்கரையை அளக்க வழி சொன்னார். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் குளுக்கோமீட்டர் அந்த வழியில் வந்ததுதான்.

பால் பண்ணை வாசலில் நடைமுறையில் இருப்பது ஒரு காகிதப் பட்டை. டேங்கர் வந்து நின்றதும் பாலை நன்றாகக் கலக்கி மாதிரி எடுக்கிறார்கள். அதில் சில சொட்டு ஒரு சிறு குழிக்குள் போகிறது. அதற்குள் நஞ்சைப் பிடிக்கும் எதிர்ப்புரதமும் அதன்மேல் ஒட்டிய தங்கத் துகளும் ஏற்கெனவே உலர்ந்து கிடக்கின்றன. நானோ அளவுக்குச் சிறுத்தால் தங்கம் மஞ்சள் போய்ச் சிவப்பாகிவிடும். நகைக்கடைக்காரர் பார்த்தால் ஏற்கமாட்டார். குழியை இளஞ்சூட்டில் வைத்துப் பட்டையை நிறுத்தினால் பால் மெல்ல மேலேறும். சில நிமிடங்களில் கோடு தெரியும்.

கொரோனா கிட் பார்த்துப் பழகிய கண் இங்கே ஏமாறும். அதில் இரண்டு கோடு வந்தால் ஆபத்து. இதில் இரண்டு கோடு வந்தால் நிம்மதி. சோதனைக் கோட்டில் அஃப்ளாடாக்சினையே ஒட்டி வைத்திருக்கிறார்கள். பால் சுத்தமாக இருந்தால் தங்கம் ஏந்திய எதிர்ப்புரதம் காலியாக வந்து கோட்டில் உட்காரும், சிவப்பு தெரியும். பாலில் நஞ்சு இருந்தால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் மாதிரி அது முன்னாடியே எதிர்ப்புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். கோட்டில் உள்ள நஞ்சுக்கு இடமில்லை. கோடு மங்கும், நஞ்சு ஏறினால் மறையும். ஏன் இப்படித் தலைகீழ்? அஃப்ளாடாக்சின் மிகச் சிறிய மூலக்கூறு. ஒரே நேரத்தில் இரண்டு எதிர்ப்புரதங்கள் பிடித்துக்கொள்ள அதில் இடம் போதாது.

கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேறு வழியில் போனார்கள். பாசிலஸ் பாக்டீரியாவின் வித்துகளைப் பாலில் முளைக்க விட்டார்கள். நஞ்சு இருந்தால் முளைப்பு தடைபடும். அதையே அடையாளமாகக் கொண்டார்கள். எதிர்ப்புரதத்துக்குப் பதில் செயற்கை டி.என்.ஏ. இழை, கார்பன் மின்முனை என்று உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. யார் இன்னும் குறைந்த அளவைக் கண்டுபிடித்தார்கள் என்பதில் ஆய்வுக் கட்டுரைகளுக்குள் ஒரு போட்டியே நடக்கிறது. எனக்கு அதில் பெரிய மயக்கம் இல்லை. சுத்தமான கரைசலில் அருமையாக வேலை செய்யும் மின்முனை, கொழுப்பும் புரதமும் நிறைந்த நிஜப் பாலில் இறங்கியதும் படலம் கட்டித் திணறும். விடியற்காலையில் சொசைட்டி வாசலில் வரிசை நிற்கும்போது, கேனைத் திறந்த கையோடு பயன்படுத்த முடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

அந்தச் சொசைட்டியில் இன்று என்ன பார்க்கிறார்கள்? கொழுப்பு, எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பு நீங்கலான திடப்பொருள். காசு அதற்குத்தான். நஞ்சு இல்லாத பாலுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைப்பதில்லை. மூன்று லிட்டர் ஊற்றுகிறவருக்குத் தனியாக ஒரு பட்டை செலவழித்தால் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. அதனால் டேங்கரில்தான் சோதனை. டேங்கரில் நஞ்சு என்றால் நூற்றுக்கணக்கான வீட்டுப் பால் ஒன்றாகக் கலந்தபிறகு தெரிந்த நஞ்சு அது. யார் வீட்டு மாடு என்று யார் சொல்வது? திருப்பி அனுப்பிய பால் எங்கே போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் மாதிரி எடுத்து வைத்துப் பின்னோக்கித் தேடும் ஏற்பாடு இல்லாமல் பட்டை மட்டும் வாங்கிக் குவிப்பதில் அர்த்தமில்லை.

முதல் பட்டை விழ வேண்டிய இடம் தீவன மூட்டை. ஒரு சின்னக் கணக்கு. கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் பி1 உள்ள தீவனத்தை 5 கிலோ தின்னும் பசு, நூற்றுக்கு இரண்டு பங்கைப் பாலில் விட்டால் 10 மைக்ரோகிராம். பத்து லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். எல்லையைப்போல இரண்டு மடங்கு. பாலைவிடத் தீவனத்தில் நஞ்சின் அளவு நூறு மடங்கு, அதனால் கண்டுபிடிப்பதும் சுலபம். ஒரு லோடு புண்ணாக்குக்குச் சில பட்டை போதும். தீவன ஆலைக்காரரும் மண்டிக்காரரும் செய்ய வேண்டிய சோதனை இது. அதை விட்டுவிட்டு, மூட்டையைக் காசு கொடுத்து வாங்கிய விவசாயியின் பாலைக் கீழே கொட்டுவது நியாயமில்லை.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் தின்ன முடியாததை மாட்டுக்குப் போடுவது நம் பழக்கம். பூசணம் பிடித்த புண்ணாக்கு, நனைந்து காய்ந்த சோளம் இரண்டையும் அதில் சேர்க்காதீர்கள். பூசணத்தைத் தட்டி உதிர்த்துவிட்டால் நஞ்சு போய்விடாது. மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குங்கள். கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று, நான்கு நாட்களில் பாலில் நஞ்சு இறங்கிவிடும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: மடிவீக்கத்துக்குப் போட்ட ஊசி பாலில் எத்தனை நாள் இருக்கும்?