வஞ்சிரம் வறுவல்: பதம் தப்பாமல் இருக்க

மும்பை மீன் சந்தையில் 'சுர்மை' என்று கேட்டு நாம் வாங்குவது வஞ்சிரம்தான். விலை கொடுத்து வாங்கிய மீன் சக்கையாகக் காரணம், அது கல்லில் அதிக நேரம் கிடப்பதே.

துண்டு அரை அங்குல கனம் இருக்கட்டும். கழுவி, ஈரத்தைத் துணியால் ஒற்றிய பிறகே மசாலா தடவி ஊறவைக்கவும்.

இரும்புக் கல்லில் எண்ணெய் நன்கு காய்ந்ததும் துண்டுகளை இடைவெளி விட்டுப் போட்டு, தீயை மிதமாக்கவும். நெருக்கிப் போட்டால் நீர் விட்டுக்கொண்டு மீன் வேகுமே தவிர, மொறுமொறுக்காது. அவசரப்பட்டுப் புரட்ட வேண்டாம். அடிப்பக்கம் சிவந்தால் துண்டு தானே கல்லை விட்டு வரும். பக்கத்துக்கு 3 நிமிடம் போதும்.

நடுமுள்ளருகே கரண்டி நுனியால் விலக்கிப் பாருங்கள். கண்ணாடி போலிருந்த சதை வெளுத்து, முள்ளை விட்டுப் பிரிந்தால் அதுவே பதம். உடனே தட்டுக்கு மாற்றவும். அடுப்பை அணைத்தாலும் இரும்புக் கல்லின் சூடு மீனை வேகவைத்துக்கொண்டேயிருக்கும்.