விண்ணப்பக் கட்டுரையில் எதை எழுதுவது?

வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கும் மாணவரிடம் பெறுபேற்றோடு ஒரு கட்டுரையும் கேட்பார்கள். வன்னியில் கனகராயன்குளத்துப் பிள்ளைக்கு வரும் முதல் ஆலோசனை, "யுத்தத்தைப் பற்றி எழுது, கட்டாயம் எடுப்பார்கள்" என்பதுதான். இந்த ஆலோசனையில் ஆபத்து இருக்கிறது.

முதலில் ஒரு தெளிவு. எங்கள் அரச பல்கலைக்கழகங்களுக்கு இப்படியான கட்டுரை தேவையில்லை. தெரிவு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில்தான். சில பாடநெறிகளுக்கு மட்டும் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பெரும்பாலான பாடநெறிகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். ஆகவே "கட்டுரை எழுதித் தந்து கம்பஸ் எடுத்துத் தருகிறோம்" என்று உள்ளூர்க் கம்பஸுக்குக் காசு கேட்பவர் ஏமாற்றுகிறார்.

கட்டுரை கேட்பது எங்கே?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்கும் 'கொமன் அப்' விண்ணப்பத்தில் 250 முதல் 650 சொற்கள். விரும்பிய தலைப்பையும் எடுக்கலாம். பிரித்தானியாவின் 'யூகாஸ்' விண்ணப்பம் 2026 அனுமதியிலிருந்து மூன்று கேள்விகள் கேட்கிறது: ஏன் இந்தப் பாடம், படிப்பு உங்களை எப்படித் தயார்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள்தான்.

ஆபத்து எங்கே?

இப்போது உயர்தரம் முடிப்பவர்கள் யுத்தம் முடிந்த 2009இல் சின்னக் குழந்தைகள். நினைவில் இல்லாத இடப்பெயர்வைத் தன் அனுபவமாக எழுதினால் அது பொய். இரவல் கட்டுரைக்கும் இது பொருந்தும். விண்ணப்பத்தில் உள்ளவை உண்மை, தன் சொந்த ஆக்கம் என்று 'கொமன் அப்'பில் ஒப்பமிடுகிறீர்கள். முகவரோ செயற்கை நுண்ணறிவோ எழுதியது பிடிபட்டால், அனுமதி கிடைத்த பிறகும் அதை இழக்கலாம்.

காணாமலாக்கப்பட்ட மாமாவின் கதை உங்களுக்கு மட்டும் உரியதல்ல. வீட்டாரின் சம்மதமின்றி எழுதாதீர்கள். பெயர், ஊர் விவரங்களைத் தவிருங்கள்.

உங்கள் உரிமை

துயரத்தைச் சொல்லவும் சொல்லாமல் விடவும் உங்களுக்கு உரிமை உண்டு. இடப்பெயர்வும் வறுமையும் படிப்பைக் குழப்பியிருந்தால், அதைச் சுருக்கமாக விளக்க 'கொமன் அப்' தனி இடம் தருகிறது. பிரதான கட்டுரைக்கு நீங்கள் செய்ததையும் யோசித்ததையும் எடுங்கள். இரணைமடுவுக்கு நீர் கொண்டுபோகும் கனகராயன் ஆறு கோடையில் ஏன் வற்றுகிறது என்று தேடிப் பார்த்தீர்களா? வயலில் யானைக்காவல் இருந்தபடி படித்தீர்களா? தம்பிக்குக் கணக்கு விளங்க வைக்கப் புதுவழி கண்டீர்களா? இவற்றை வேறு எவராலும் உங்களுக்காக எழுத முடியாது.

பரிகாரம்

ஆசிரியர் பிழை திருத்தலாம், கேள்வி கேட்கலாம், எழுதித் தரக்கூடாது. அமெரிக்கப் படிப்புக்கான ஆலோசனையைக் கொழும்பிலுள்ள புல்பிரைட் ஆணைக்குழுவில் கேளுங்கள். முகவரிடம் பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். ஏமாந்தால் பொலிஸில் முறையிடுங்கள். வருமானம் குறைந்தோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும். தவறான தகவல் ஏற்கெனவே போயிருந்தால், பல்கலைக்கழகத்துக்கு உடனே எழுத்தில் அறிவித்துத் திருத்துங்கள்.

பெற்றோரே, பிள்ளையின் கட்டுரையை அனுப்புமுன் ஒருதரம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் உங்கள் பிள்ளையைக் காணவில்லை என்றால் அனுப்ப விடாதீர்கள்.