சதுர அடிக்கு எவ்வளவு?

வீட்டிலிருந்தே கட்டடப் பிளான் வரைந்து கொடுக்கும் தம்பி, தங்கைகள் எடுத்த எடுப்பில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு வாங்கலாம்ணா?" பக்கத்துத் தெருக்காரர் மூன்று ரூபாய் என்றால் நாம் இரண்டரை என்று இறங்கிவிடுகிறோம். டீயைக் குடித்துக்கொண்டே கணக்கை வேறு முனையிலிருந்து போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

வீட்டுச் செலவுக்கு மாதம் 28,000 ரூபாய் வேண்டும் என்று வையுங்கள். கரண்ட், இணையம், கம்ப்யூட்டர் தேய்மானம், மென்பொருள் எல்லாம் சேர்த்து 8,000. (2016க்குப் பிறகு ஆட்டோகேடை ஒரே தடவையாக வாங்கி வைத்துக்கொள்ளவும் வழியில்லை, சந்தாதான்.) வேலை வராத மாதத்துக்கும் உடம்புக்கு முடியாத நாளுக்கும் 6,000. ஆக 42,000. மாதம் 25 நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் 200 மணி நேரம் வரும். ஆனால் போன் பேச, அளவு வரக் காத்திருக்க, பாக்கி கேட்க, அடுத்த வேலை தேட என்று அதில் 80 மணியாவது போய்விடும். வரைவதற்கு மிஞ்சுவது 120. 42,000ஐ அதால் வகுத்தால் மணிக்கு 350 ரூபாய். 200ஆல் வகுத்து 210 என்று சொல்பவர், காத்திருந்த நேரத்தை இலவசமாகக் கொடுக்கிறார்.

இனி சதுர அடிக்கு வரலாம். 1,200 சதுர அடி வீட்டுக்குப் பிளான், எலிவேஷன், செக்‌ஷன், சைட் பிளான் எல்லாம் முடிக்க உங்களுக்கு 20 மணி ஆகிறதென்றால் 7,000 ரூபாய். சதுர அடிக்கு ஆறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதே வேலை 600 சதுர அடி வீட்டுக்கு பத்து மணியில் முடியுமா? முடியாது. அங்கேயும் படிக்கட்டு உண்டு, கழிவறை உண்டு, பரப்பளவு அட்டவணை உண்டு. 14 மணி பிடித்தால் 4,900. சதுர அடிக்கு எட்டு ரூபாய் தாண்டுகிறது. மாறாக, ஒரே மாதிரி தளங்கள் திரும்பத் திரும்ப வரும் அடுக்ககத்தில் பரப்பு பெருகும் அளவுக்கு உழைப்பு பெருகாது. அதனால் சதுர அடி விலையைச் சொல்லுங்கள், ஆனால் சின்ன வீட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டடத்துக்கு மனசாரக் குறையுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் அதுதான்.

பணம் உண்மையில் ஒழுகுவது கரெக்‌ஷனில். பிளான் முடிந்த பிறகு, சமையலறை அக்னி மூலைக்குப் போக வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் சொல்வார். கேட்க ஒரு வரிதான். ஜன்னல் நகர்ந்தால் எலிவேஷன் மாறும், குழாய் வழி மாறும், செக்‌ஷன் மாறும். ஆகவே இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடக்கம், அதற்கு மேல் மணிக்கு 350 என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி, வேலை கொடுப்பவரிடமிருந்து "சரி" வாங்கிவிடுங்கள். நம் தவற்றைத் திருத்தக் காசு கேட்கக் கூடாது. அதையும் சேர்த்தே எழுதுங்கள், நம்பிக்கை பிறக்கும்.

பாதி அட்வான்ஸ், மீதி வந்ததும் டிடபிள்யூஜி ஃபைல். அதுவரை பிடிஎஃப் போதும். கட்டுமான நிறுவனங்களுக்கு வரைபவர்கள் உத்யம் பதிவு செய்துகொள்வது நல்லது. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, அப்படிப் பதிந்தவருக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதத்துக்கு வட்டியும் உண்டு.

இங்கே போட்டது என் எண்கள். உங்கள் வீட்டு வாடகை வேறு, கை வேகம் வேறு. அடுத்த பிளானை ஆரம்பிக்கும்போதே பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, எந்த வேலைக்கு எத்தனை மணி என்று குறித்து வாருங்கள். அந்த நோட்டைப் பார்த்து விலை சொல்லுங்கள். பக்கத்துத் தெருக்காரரைப் பார்த்து வேண்டாம்.