வீட்டோரம் ஓர் இரும்பு வெட்டும் மேசை

நட்டஈடாகக் கிடைத்த பணத்தில் இரும்பு வெட்டும் கணனி இயந்திரம் ஒன்றை வாங்கலாமா? மரக்கறித் தோட்டத்தை இழந்து, வேறிடத்தில் சிறு காணித்துண்டில் வீடு பெற்றுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் எம்மிடம் கேட்கும் கேள்வி இது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையகத்தின் பல இடங்களில் சரிந்தது. நிலம் போனபின் மனிதர் கைத்தொழிலை நாடுவது இயல்பே. எமது பதில் இதுதான்: முழு இயந்திரத்தை வாங்க வேண்டாம். மேசையை நீங்களே செய்யலாம். விலை கூடிய பாகத்தைக் கடைசியாக வாங்குங்கள்.

முதலில் இது என்னவென்று பார்ப்போம். ஒரு மேசை. அதன்மேல் நீளவாக்கில் ஓடும் ஒரு பாலம். பாலத்தின்மேல் குறுக்கே ஓடும் ஒரு சிறு வண்டி. அந்த வண்டியில் மேலும் கீழும் அசையும் வெட்டுமுனை. இந்த மூன்று அசைவுகளையும் கணனி தரும் எண்களின்படி மோட்டர்கள் நடத்துகின்றன. சீ.என்.சீ. என்று சொல்வது இதைத்தான். வெட்டுவது பிளாஸ்மா. சிறு துவாரத்தினூடாக அழுத்தமான காற்று பாய, அதற்குள் மின்சாரம் பாய்கிறது. காற்றே 20,000 பாகை அளவுக்குச் சூடாகி இரும்பை உருக்கி ஊதித் தள்ளுகிறது. மின்சாரம் கடத்தும் உலோகத்தை மட்டுமே இது வெட்டும்.

வெட்டுமுனை இரும்பைத் தொட்டு அழுத்துவதில்லை. லேத் இயந்திரத்துக்குக் கனமான வார்ப்பிரும்பு உடல் வேண்டும். இந்த மேசை வெட்டுமுனையின் பாரத்தைத் தாங்கி ஆடாமல் நின்றால் போதும். வீட்டில் செய்யலாம் என்று நாம் துணிந்து சொல்வதற்குக் காரணம் அதுவே.

இயந்திரம் செய்வது மலையகத்துக்குப் புதிதல்ல. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1872 இல் கொழுந்து உருட்டும் இயந்திரம் ஒன்றைத் தாமே அமைத்தார். அதன்பின் வந்த உருட்டும் இயந்திரங்களையும் உலர்த்திகளையும் தோட்டத்து ஸ்டோர்களில் பழுது பார்த்து ஓட வைத்தவர்கள் எம்மவரான பிட்டர்மார். அவர்களின் பெயர் எந்தத் தேயிலைப் பெட்டியிலும் அச்சாகவில்லை என்பது வேறு விடயம்.

கிராமத்தில் இத்தகைய முயற்சி நடக்குமா என்று ஐயப்படுவோருக்கு இரண்டு உதாரணங்கள். இந்தியாவின் மகாராஷ்டிரத்தில் பாபல் என்ற கிராமம் உள்ளது. கலாநிதி கல்பாக் அங்கே 1983 இல் விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் கையால் செய்து படிக்கும் இடம் அது. 2002 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்துப் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் குழுவினரின் உதவியுடன், கணனியால் இயங்கும் கருவிகளைக் கொண்ட பட்டறை அங்கே அமைந்தது. மற்றது அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில். பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றபின் விவசாயியான மார்சின் யாக்குபோவ்ஸ்கி, தமது உழவு இயந்திரம் அடிக்கடி பழுதானதால் இயந்திரங்களைத் தாமே செய்யத் தொடங்கினார். ஒரு சமூகத்துக்கு வேண்டிய 50 இயந்திரங்களின் வரைபடங்களை எவரும் இலவசமாக எடுக்கும்படி வெளியிடுவது அவரது திட்டம். அந்த 50 இல் இரும்பு வெட்டும் மேசையும் ஒன்று.

இனி மேசைக்கு வருவோம். கடையில் கிடைக்கும் இரும்புத் தகடு 8 அடிக்கு 4 அடி. அவ்வளவு பெரிய மேசைக்கு எமது வீடுகளில் இடமில்லை. ஆகவே 4 அடிக்கு 4 அடி தகடு தாராளமாகக் கொள்ளும்படி அமைத்து, ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்கள். தகட்டின் பாதியை வெட்டியபின் தள்ளி மறுபாதியை வெட்டலாம். 40 மில்லிமீற்றர் பெட்டி இரும்பு சட்டத்துக்குப் போதும். மூலைகளை ஒட்டிவிடாமல் நட் போல்ட் போட்டு முடுக்குங்கள். மீண்டும் ஒரு நாள் இடம் மாற வேண்டி வந்தால், கழற்றிச் சிறு லொறியில் ஏற்றலாம். கால்களில் உயரம் மாற்றும் திருகு அவசியம். எமது நிலம் சமமாக இருப்பதில்லை. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் ஒரே அளவாக வரும்வரை போல்ட்டுகளை இறுக்க வேண்டாம். தகடு படுக்கும் பட்டை இரும்புகளைச் செங்குத்தாகக் காடிகளில் செருகி வையுங்கள். தகட்டோடு சேர்ந்து அவையும் வெட்டுப்படும். அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பாலத்தை இழுக்கப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்டெப்பர் மோட்டர்கள், குறுக்கு அசைவுக்கு ஒன்று, ஏற்றி இறக்க ஒன்று. ஸ்டெப்பர் மோட்டர் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றும். அதை ஓட்டும் சிறு பெட்டி ஒவ்வொரு படியையும் 8 ஆகப் பிரித்தால் சுற்றுக்கு 1,600 துடிப்புகள். பெல்ட் கப்பி ஒரு சுற்றில் 40 மில்லிமீற்றர் நகர்த்துமானால் ஒரு மில்லிமீற்றருக்கு 40 துடிப்புகள். இந்த எண்ணைக் கணனிக்குக் கொடுக்க வேண்டும். லினக்ஸ் சீ.என்.சீ., ஜீ.ஆர்.பீ.எல். ஆகிய கட்டுப்பாட்டு மென்பொருள்களும் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளும் இலவசமானவை.

இப்போது வெட்டுமுனை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பேனாவைக் கட்டுங்கள். கடதாசியில் 100 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றைக் கீறச் சொல்லுங்கள். அளந்தால் 98 வருகிறதா? 40 ஐ 100 ஆல் பெருக்கி 98 ஆல் வகுங்கள், 40.8 என்று மாற்றுங்கள். மூலை நேராக இல்லையா? சட்டத்தைத் திருத்துங்கள். வட்டம் முட்டையாக வருகிறதா? பெல்ட் தளர்ந்திருக்கிறது. பேனாவோடு ஒரு மாதம் பழகுவதில் நட்டமில்லை. அந்த ஒரு மாதத்தில், வரைவதில் யாருக்குப் பொறுமை உண்டு என்பதும் தெரிந்துவிடும். பெண்பிள்ளைகளையும் இதில் அமர்த்துங்கள். இது தோள் பலம் கேட்கும் வேலையல்ல.

பேனா சரியாகக் கீறிய பின்னரே பிளாஸ்மா பெட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகின்றனர். வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால், 230 வோல்ட்டில் மொத்தம் 6,900 வாற்று. 40 அம்பியரில் வெட்டும் பெட்டி ஏறத்தாழ 5,000 வாற்றை இழுக்கும். 2 குதிரைவலுக் கொம்பிரசர் ஓடும்போது 1,500 க்கு மேல். தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. சோற்றுச் சட்டியும் அதே கம்பியில் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 3 மில்லிமீற்றர் தகட்டுக்கு 30 அம்பியர் வெட்டு போதும். அந்த அளவோடு தொடங்குங்கள். தகுதி பெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு தனிக் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் நில இணைப்பும் போடுங்கள். பழைய லயக் கம்பியில் இதை மாட்டவே கூடாது. வாங்கும்போது, உயர் அதிர்வெண் தீப்பொறி இல்லாமல் பற்றவைக்கும் வகையா என்று கேளுங்கள். அந்தத் தீப்பொறி கணனியைக் குழப்பி மேசையை நடுவழியில் நிறுத்திவிடும்.

காற்றின் கதை மலையகத்துக்கே உரியது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஹற்றனில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. கொழும்புக் கடையில் போதுமென்று காட்டிய கொம்பிரசர் இங்கே மூச்சுத் திணறும். ஒரு படி பெரியதைக் கேளுங்கள். அடுத்தது ஈரம். பனிமூட்டக் காற்றை அழுத்தினால் தொட்டியில் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீர் வெட்டுமுனையின் நொசிலையும் உள்ளே இருக்கும் மின்வாயையும் சில மணித்தியாலங்களில் தின்றுவிடும். தொட்டியை நாள்தோறும் வடியுங்கள். காற்றை நீண்ட இரும்புக் குழாயினூடாகச் சரிவாகக் கொண்டுவந்து குளிரவிட்டு, வடிகட்டியைக் கடைசியில் மாட்டுங்கள்.

வெட்டும்போது முனைக்கும் தகட்டுக்கும் இடையே ஒன்றரை மில்லிமீற்றர் அளவு இடைவெளி வேண்டும். துளைக்கும்போது அதைவிட இரு மடங்கு உயரத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உருகிய இரும்பு நொசிலில் ஒட்டும். மெல்லிய தகடு சூட்டில் அப்பளம்போல் வளையும். இடைவெளி கூடினால் பொறியின் வோல்ட்டும் கூடும். அதை அளந்து முனையை ஏற்றி இறக்கும் கருவியைப் பின்னர் சேர்க்கலாம். முனை இரும்பில் ஒன்றரை மில்லிமீற்றர் அகலத்தைத் தின்றுவிடும். அதில் பாதியை வெளிப்புறமாக விட்டு வரைய வேண்டும். உள்துளைகளை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டுங்கள்.

புகையை அலட்சியம் செய்ய வேண்டாம். மேசையை வீட்டுக்குள் வைக்காமல், பக்கத்தில் திறந்த கொட்டிலில் வையுங்கள். தகட்டுக்குக் கீழே தண்ணீர்த் தட்டு வைத்தால் தூசியில் பெரும்பகுதி அதில் அடங்கும். ஆனால் அலுமினியத்தைத் தண்ணீர்மேல் வெட்டினால் ஐதரசன் வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். உடைந்த லயத்தின் கல்வனைஸ் கூரைத் தகரம் சும்மா கிடக்கிறதே என்று எடுத்து வெட்டாதீர்கள். அதன் பூச்சிலிருந்து எழும் வெண்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். எண்ணெயோ பூச்சிமருந்தோ இருந்த பீப்பாயை எக்காரணத்துக்காகவும் வெட்ட வேண்டாம். ஒட்டுவேலைக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்கும் வேண்டும். சிறு பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடிவருவார்கள். தடுப்பு ஒன்று கட்டுங்கள்.

என்ன வேலை கிடைக்கும்? கூரைச் சட்டத்துக்கான அடித்தகடுகள், கதவுப் பூ வேலைகள், கரட், லீக்ஸ் பாத்திகளுக்கான களைகொத்தித் தகடுகள். கவ்வாத்துக் கத்திக்கு இது உதவாது. அது கொல்லர் உலையில் அடித்துச் செய்ய வேண்டியது. பெயர்ப்பலகைக்குத் தமிழ் எழுத்தை வெட்டும்போது க, ண போன்றவற்றின் சுழியின் நடுப்பகுதி கழன்று விழும். அதைப் பிடித்திருக்கச் சிறு பாலம் விட்டு வரையுங்கள்.

ஒரு குடும்பம் தனித்துக் கடன் எடுப்பதைவிட நான்கைந்து குடும்பங்கள் ஒரு மேசையை வைத்திருப்பது நல்லது. அப்போது கணக்கு எழுதாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு நொசிலும் எத்தனை துளைக்குப் பின் தேய்ந்தது என்பதைக் கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த வேலைக்கு விலை சொல்லும்போது அந்த எண் கையில் இருக்க வேண்டும்.